ஓட்டிசப் பிள்ளைகளும் இயற்கை வைத்தியமும்: எதை எடுப்பது, எதை விடுவது?

நமது பகுதியில் ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்வதற்கு முன்னரே அந்தப் பிள்ளையைப் பற்றிப் பல தீர்ப்புகள் வழங்கப்பட்டு முடிந்திருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானில்லை, முகம் பார்த்துச் சிரிக்கிறானில்லை, விளையாட்டுக் காரைக் கவிழ்த்து வைத்துச் சில்லை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று உம்மா கவலைப்படத் தொடங்குவாள். வீட்டில் மூத்தவர்கள், "ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் கதைக்கும், அவன்ட வாப்பாவும் நாலு வயசிலதான் வாய் துறந்த" என்பார்கள். அதில் ஆறு மாதம் போகும். பிறகு கண்ணூறு என்று ஓதித் தண்ணீர் கொடுப்பார்கள். யாராவது ஒருவர் ஜின் என்பார். கடைசியில் பிள்ளை மூன்று மூன்றரை வயதைத் தாண்டிய பிறகு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குப் போய்ச் சேர்வார்கள். அங்கே அந்தச் சொல் கிடைக்கும்.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்தக் கட்டுரையின் விடயம். அன்றிரவே வாப்பா கைத்தொலைபேசியில் அந்தச் சொல்லைத் தேடுகிறார். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் காணொளிகள் வந்து விழுகின்றன. ஓட்டிசம் குணமாகும் என்கிறார் ஒருவர். முடியை வெட்டி அனுப்புங்கள், உடலிலுள்ள நஞ்சைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்கிறார் இன்னொருவர். பாலையும் கோதுமையையும் நிறுத்துங்கள், இந்தப் பன்னிரண்டு போத்தலையும் வாங்குங்கள் என்கிறார் மூன்றாமவர். போத்தலின் விலை டொலரில் இருக்கும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த விலை என்னவாயிற்று என்று சொல்லத் தேவையில்லை. உம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போகிறது.

இயற்கை வைத்தியமா, இங்கிலீசு மருந்தா என்று இதை ஒரு சண்டையாக்க நான் விரும்பவில்லை. வாவிக்கரையில் ஏறாவூரிலிருந்து கல்முனை வரை எந்த வீட்டிலும் அப்படியொரு மதில் கிடையாது. தடிமனுக்குக் கொத்தமல்லி அவிப்போம், முறிவுக்குப் பரிசாரியிடம் போவோம், காய்ச்சல் கூடினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். சட்டமும் அப்படித்தான். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. சொல்லப்படும் ஒவ்வொன்றையும் யாராவது சோதித்துப் பார்த்தார்களா? சோதித்ததில் என்ன வந்தது? பிள்ளைக்குத் தீங்கு உண்டா?

பெற்றோர் தொடக்கிவைத்த பாதை

1943இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் லியோ கன்னர் என்ற சிறுவர் மனநல வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஓட்டிசம் ஒரு தனி நிலையாக வைத்திய நூல்களில் ஏறியது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் இதையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆனால் அடுத்து வந்த இருபது ஆண்டுகள் தாய்மாருக்குப் பொல்லாத காலம். தாயின் மனம் குளிர்ந்து உறைந்து கிடப்பதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்ற கருத்துப் பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் அதை 1967இல் ஒரு புத்தகமாகவே எழுதி விற்றார். நமது ஊரில், "நீ புள்ளயக் கவனிக்கல்ல, போனக் குடுத்துட்டிருந்த" என்று மருமகளைக் குத்துகிறார்களே, அதன் படித்த வடிவம்தான் அது.

அதை உடைத்தவர் பெர்னாட் ரிம்லண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக வேலை செய்தவர், ஓட்டிசமுள்ள மகனின் தகப்பன். இது வளர்ப்பால் வருவதல்ல, உடலோடு பிறப்பது என்று 1964இல் புத்தகம் எழுதி நிறுவினார். உலகத்துத் தாய்மாரெல்லாம் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் அதே ரிம்லண்ட்தான் உடலில் வருவதை உடலால் மாற்றலாம் என்று விற்றமின் பி6, மக்னீசியம் என்று தேடிப் போனார். 1995இல் அவர் தொடக்கிய இயக்கத்தோடு விசேட உணவு, விற்றமின்கள், உலோக நீக்கம் எல்லாம் ஒரு பொதியாகச் சேர்ந்தன. அதே தொண்ணூறுகளில் அமெரிக்காவில் 'ஃபங்ஷனல் மெடிசின்' என்ற பெயரும் நிலைபெற்றது. அதற்கான நிறுவனத்தை ஜெஃப்ரி பிளண்ட் 1991இல் தொடங்கினார். நோயின் பெயரைப் பார்க்காமல் அடிவேரைப் பார்ப்போம், குடலையும் உணவையும் நச்சுக்களையும் பார்ப்போம் என்பதுதான் அதன் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஹகீம்மாரும் சித்த வைத்தியர்களும் காலங்காலமாகச் சொல்வதும் அதைப் போன்றதே.

எனக்கு இந்தப் பெற்றோர் மீது கோபமில்லை. வைத்திய உலகம் அவர்களைக் குற்றவாளியாக்கியது, பிறகு 'ஒன்றும் செய்ய ஏலாது' என்று கைவிரித்தது. கைவிரித்தவனிடமிருந்து எழும்பி, ஏதோ செய்யலாம் என்பவனிடம் போவது மனித இயல்பு.

இன்று தெரிந்தது இவ்வளவு: ஓட்டிசம் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்னரே மூளை வேறொரு விதமாக அமைவது. ஐந்து நாடுகளில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, அதற்கான காரணத்தில் ஏறத்தாழ எண்பது வீதம் பரம்பரை அலகுகளைச் சார்ந்தது என்று கணித்தது. காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோயல்ல. அதனால் 'ஓட்டிசத்துக்கு மருந்து' என்று யார் சொன்னாலும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். ஆனால் ஓட்டிசத்தோடு சேர்ந்து வரும் தொல்லைகள் பல: மலச்சிக்கல், தூக்கமின்மை, சாப்பாட்டுப் பிடிவாதம், பதற்றம், சிலருக்கு வலிப்பு. இவற்றுக்குச் செய்ய நிறைய உண்டு. இயற்கை முறைகளுக்கு நியாயமான இடம் இருப்பதும் இங்கேதான். வலிப்பு மட்டும் விலக்கு. வலிப்பு மருந்தை யார் சொல்லியும் சுயமாக நிறுத்தக்கூடாது.

தடுப்பூசிக் கதையை நீட்டப்போவதில்லை. 1998இல் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து அண்ட்ரூ வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010இல் மீளப்பெற்றது. அதே ஆண்டு அவருடைய வைத்தியப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஓட்டிசத்தில் வித்தியாசமில்லை. 2025 செப்டெம்பரில் அமெரிக்க அரசு கர்ப்பகாலத்துப் பெனடோலைக் குற்றம் சாட்டியபோது நம்மூரிலும் கர்ப்பிணிகள் பயந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே சுவீடனில் 24 இலட்சம் பிள்ளைகளை ஆராய்ந்து, ஒரே வயிற்றுச் சகோதரர்களை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது என்று எழுதிவிட்டார்கள்.

செக்ரெட்டின் என்ற பாடம்

"எங்கட புள்ளைக்கு அந்த மருந்து குடுத்த பொறகு நல்ல மாற்றம்" என்று ஒரு தாய் சொன்னால் அவள் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் அந்த மருந்து வேலை செய்ததா? இதை விளங்க ஒரு சம்பவம் போதும்.

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஓட்டிசமுள்ள ஒரு பிள்ளைக்கு வயிற்றுப் பரிசோதனைக்காகச் செக்ரெட்டின் என்ற சுரப்பு நீரை ஏற்றினார்கள். பரிசோதனைக்குப் பிறகு பிள்ளை கண் பார்த்தது, கதைக்கத் தொடங்கியது என்றார் தாய். 1998இல் மூன்று பிள்ளைகளைப் பற்றிய அறிக்கையும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் வெளிவர, ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்கு அலைந்தார்கள். 1999இல் அறுபது பிள்ளைகளை எடுத்து, ஒரு பாதிக்குச் செக்ரெட்டினும் மறுபாதிக்கு வெறும் உப்புத் தண்ணீரும் ஏற்றினார்கள். எது யாருக்கு என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளையைப் பரிசோதித்தவர்களுக்கும் தெரியாது. நான்கு கிழமைக்குப் பின் பார்த்தால் இரண்டு கூட்டத்திலும் முன்னேற்றம்! உப்புத் தண்ணீர்ப் பிள்ளைகளும் அதேயளவு முன்னேறியிருந்தார்கள். இன்னும் விசேடம், இந்த முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 வீதமானோர் தங்கள் பிள்ளைக்குச் செக்ரெட்டினில் ஆர்வம் உண்டு என்றார்கள். பிற்பாடு பதினாறு ஆய்வுகளில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தும் பலனில்லை என்றே முடிந்தது.

உப்புத் தண்ணீர் எப்படி வேலை செய்தது? ஓட்டிசமுள்ள பிள்ளையும் வளர்கிற பிள்ளைதான். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று வயதுக்கும் நாலு வயதுக்கும் இடையில் பல புதிய விடயங்களைக் கற்றுக்கொள்ளும். பெற்றோர் மருந்தைத் தேடி ஓடுவது நிலைமை மிக மோசமான மாதத்தில். மோசமான மாதத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல மாதம். இன்னொன்றும் உண்டு. நம்பிக்கை வந்த உம்மா பிள்ளையோடு கூடக் கதைக்கிறாள், கூட விளையாடுகிறாள், முன்னர் கவனிக்காத சின்னப் பார்வையையும் கவனிக்கிறாள். என் கணிப்பில் அந்த மூன்றாவது காரணம்தான் பெறுமதியானது. அதற்குப் போத்தல் தேவையில்லை.

முடிப் பரிசோதனைக்கும் இரத்தத்தில் செய்யும் 'உணவு ஒவ்வாமைப் பட்டியல்' பரிசோதனைக்கும் இதே எச்சரிக்கை. இரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருள் இருப்பது அந்த உணவைப் பிள்ளை சாப்பிட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதை ஒவ்வாமையாகக் கொண்டு இருபது உணவை நிறுத்தச் சொல்வதை ஒவ்வாமை வைத்தியர் சங்கங்களே ஏற்பதில்லை. உலோக நீக்கி மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரில் உலோகம் தேடும் பரிசோதனையும் அப்படித்தான். அந்த மருந்து குடித்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடத்தான் செய்யும்.

சோறும் தயிரும்

கோதுமையும் பாலும் இல்லாத உணவுதான் பெற்றோர் முதலில் கையிலெடுப்பது. கோதுமையின் குளூட்டனும் பாலின் கேசீனும் சரியாகச் சமிக்காமல் அபின் போன்ற துண்டுகளாகி மூளைக்குப் போகின்றன என்பது அதன் பின்னாலுள்ள ஊகம். 2016இல் அமெரிக்காவில் பதினான்கு பிள்ளைகளை அந்த உணவில் வைத்து, இடையிடையே அவர்களுக்குத் தெரியாமல் கோதுமையையும் பாலையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் தூக்கத்திலும் வயிற்றிலும் வித்தியாசம் காணவில்லை. ஆய்வு சிறியது என்பது உண்மை. ஆனால் மற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் உறுதியான பலன் தெரியவில்லை.

இது பாண் தின்னும் தேசத்தில் பிறந்த யோசனை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். நமது சோறு, அரிசிமாப் பிட்டு, இடியப்பம், அப்பம் எல்லாவற்றிலும் குளூட்டன் இயல்பாகவே இல்லை. கோதுமை நமக்குள் வருவது பாணாகவும் ரொட்டியாகவும் பிஸ்கட்டாகவும் நூடில்ஸாகவும். ஒரு குடும்பம் அதைக் குறைத்துப் பார்க்க நினைத்தால் கொழும்பில் விற்கும் 'குளூட்டன் ஃப்ரீ' பெட்டிக்குக் காசு கொட்டத் தேவையில்லை. உம்மம்மாவின் அடுப்படியே போதும். பிஸ்கட்டும் பக்கெட் நொறுக்குத் தீனியும் குறைந்து பிட்டும் மீனும் கூடினால் எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான், ஓட்டிசம் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன.

தயிர் விடயம் அப்படியல்ல. மட்டக்களப்பு எருமைத் தயிரையும் சோற்றையும் மட்டுமே வாயில் வைக்கிற பிள்ளைகள் உண்டு. ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் பலருக்குச் சாப்பாட்டின் நிறம், மணம், நாக்கில் படும் தன்மை எல்லாம் பெரிய விடயம். மொறுமொறுப்பு மட்டும் தின்னும் ஒரு பிள்ளை, வெள்ளை நிறச் சாப்பாடு மட்டும் தின்னும் இன்னொரு பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையிடமிருந்து தயிரைப் பறித்தால் கல்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்? நெத்தலியை முள்ளோடு தின்னும் பிள்ளை, முருங்கையிலைச் சுண்டலைத் தொடும் பிள்ளை என்றால் சமாளிக்கலாம். தொடாத பிள்ளை என்றால் எலும்பு மெலியும். பழம், மரக்கறி எதுவுமே தின்னாத ஓட்டிசப் பிள்ளைகளுக்கு ஸ்கேர்வி நோய், அதாவது விற்றமின் சி இல்லாமல் முரசில் இரத்தம் வந்து கால் வலித்து நடக்க மாட்டாமல் போகும் நோய், வந்ததாக வசதியான நாடுகளிலிருந்தே வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். கொய்யாவும் நெல்லியும் வளவில் காய்க்கும் ஊரில் அது வரத் தேவையில்லை. ஆனால் வாயில் வைக்கப் பழக்க மாதக்கணக்கு எடுக்கும். முதல் கிழமை பழம் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அடுத்த கிழமை தொட்டால் போதும். மூக்கைப் பிடித்து வாயில் திணித்தால் இருக்கிற இரண்டு சாப்பாட்டையும் அந்தப் பிள்ளை விட்டுவிடும்.

குடல் கிருமிகளைப் பற்றி இப்போது பெரிய பேச்சு. அரிசோனாவில் 2017இல் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமானவரின் குடல் கிருமிகளை மாற்றிக் கொடுத்ததில் முன்னேற்றம் என்றார்கள். ஆனால் அதில் ஒப்பிட உப்புத் தண்ணீர்க் கூட்டம் இருக்கவில்லை. செக்ரெட்டினை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2021இல் அவுஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு. ஓட்டிசமுள்ளவர்களின் குடல் கிருமிகள் வேறுபடுவதற்குக் காரணம் அவர்கள் சில சாப்பாட்டை மட்டுமே தின்பது என்று அது கண்டது. குடல் கெட்டதால் ஓட்டிசம் வரவில்லை. ஓட்டிசத்தால் சாப்பாடு ஒடுங்கியது, சாப்பாடு ஒடுங்கியதால் குடல் மாறியது. வண்டிலையும் மாட்டையும் மாற்றிப் பூட்டியிருந்தோம்.

இதனால் வயிற்றைக் கவனிக்கத் தேவையில்லை என்றாகாது. மலச்சிக்கல் இந்தப் பிள்ளைகளுக்கு மிக அதிகம். கதைக்கத் தெரியாத பிள்ளை 'வயிறு வலிக்குது' என்று சொல்லாது. தலையைச் சுவரில் அடிக்கும், கையைக் கடிக்கும், இரவில் அலறும், மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும். அதை ஜின் என்று எடுத்து ஓதுகிற இடத்தில் அடித்த கதைகளையும் கேட்கிறோம். ஓதுவது வேறு, அடிப்பது வேறு. பிள்ளையின் நடத்தை திடீரென்று மோசமானால் முதலில் பார்க்க வேண்டியது பல், காது, வயிறு. தண்ணீர், பப்பாசி, கீரை, இரவில் ஊறவைத்த முந்திரிகை வற்றல் என்று வீட்டில் தொடங்கலாம். மூன்று நாலு நாளாக மலம் போகாவிட்டால் வைத்தியர் தரும் பாணியைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒமேகா-3 மாத்திரைக்கு ஓட்டிசத்தில் உறுதியான பலன் காணப்படவில்லை. ஆனால் அந்த எண்ணெய் நமது சூடையிலும் சாளையிலும் கீரி மீனிலும் தாராளமாக உண்டு. ஃபோலினிக் அமிலம் பற்றி ஒரு சொல்: அமெரிக்காவில் 48 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் சிலருக்குப் பேச்சு முன்னேறியதாகத் தெரிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் சிறிய ஆய்வு. வைத்தியர் இல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்கும் மருந்தல்ல.

நித்திரை

உம்மாமாரைக் கேட்டால் பேச்சு வராததைவிட இரவுதான் கொடுமை என்பார்கள். பிள்ளை இரண்டு மணிக்கு எழும்பிச் சிரித்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை. இங்கே இயற்கை முறைகளுக்கு உண்மையிலேயே பலன் உண்டு. காலையில் வெயிலில் விளையாட விடுவது, பின்னேரத்தில் தேநீரும் கொக்காக் கோலாவும் கொடுக்காமலிருப்பது, மஃரிபுக்குப் பிறகு போனையும் தொலைக்காட்சியையும் ஒதுக்குவது, ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் குளிப்பு, சாப்பாடு, விளக்கணைப்பு. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் இரவில் காலை உதறி உதறிப் புரளும். ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையில் அது தெரியவரும்.

நோன்பு மாதம் இந்த ஒழுங்கையெல்லாம் புரட்டிப்போடும். தராவீஹுக்கு வீடே எழும்பிப் போகிறது, ஸஹருக்குச் சட்டிச் சத்தம், பகலில் எல்லாரும் படுக்கை. ஒழுங்கையே பற்றிப் பிடித்து வாழும் பிள்ளைக்கு இது நிலநடுக்கம் மாதிரி. நோன்புக்கு இரண்டு கிழமை முன்னிருந்தே படம் கீறிக் காட்டி, நேரத்தை நாளுக்குக் கால் மணித்தியாலமாக நகர்த்திக்கொண்டு வந்த குடும்பங்களில் கரைச்சல் குறைவு. பிள்ளையின் படுக்கையை ஸஹர் அடுப்படிக்குத் தூரமான அறைக்கு மாற்றுவதும் உதவும்.

இவ்வளவுக்கும் பிறகும் நித்திரை வராவிட்டால் மெலட்டோனின் உண்டு. உடல் தானே சுரக்கும் பொருள்தான். 2017இல் 125 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் அதை எடுத்தவர்கள் முன்னையைவிடச் சராசரி 57 நிமிடம் கூடத் தூங்கினார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒன்பது நிமிடம். 'இயற்கைப் போத்தல்' வரிசையில் சோதனையைத் தாண்டி நிற்பது இதுதான். அளவை வைத்தியர் சொல்ல வேண்டும்.

நமது அலுமாரியில் இருப்பவை

கருஞ்சீரகத்தைப் பற்றிய நபிமொழியை நாம் எல்லாரும் அறிவோம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்ற நபிமொழியையும் அறிவோம். அந்த மருந்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லும் வார்த்தையாகவே முன்னோர் அதை எடுத்தார்கள். சும்மா இருந்து நம்பச் சொல்லும் வார்த்தையாக எடுக்கவில்லை. சாப்பாட்டில் கருஞ்சீரகம் போடுவதில் ஒரு கரைச்சலும் இல்லை. எண்ணெயாக, நாளுக்கு இத்தனை கரண்டி என்று ஓட்டிசத்துக்கு விற்பவரிடம் மட்டும் ஆதாரம் கேளுங்கள். தேன் நல்லது, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மட்டும் கூடாது.

எண்ணெய் தேய்த்து உருவி விடுவது நமது பழைய வழக்கம். அழுத்தமான தொடுகையை விரும்பும் பிள்ளை அதில் அமைதியடையும். மெல்லத் தொட்டாலே உடல் கூசும் பிள்ளைகளும் உண்டு, அவர்களைப் பிடித்து வைத்துத் தேய்ப்பது வதை.

சுறுமா விடயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஹதீஸில் வரும் இஸ்மித் ஒரு பொருள், இன்று கடையில் சுறுமா என்று விற்பதில் பல ஈயக் கல்லை அரைத்தது. ஈயம் பிள்ளையின் மூளையை மந்தமாக்கும், அதில் இருபக்கக் கருத்தில்லை. மண்ணையும் சுவர்ப் பெயின்ற்றையும் வாயில் போடும் பழக்கம் ஓட்டிசப் பிள்ளைகள் சிலருக்கு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஈயப் பரிசோதனை செய்யக் கேட்பது நியாயம். 'நச்சுநீக்கம்' என்று கூவுகிறவர்களின் சொல்லில் உண்மையான துணுக்கு இதுதான்: நஞ்சு வெளியிலிருந்து வரும் வழியை அடைப்பது. பாதரசமும் ஈயமும் சேர்த்துப் புடம் போட்ட பற்பம், செந்தூரம் போன்றவற்றையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய எழுபது தென்னாசிய ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் பதினான்கில் ஈயம், பாதரசம், ஆசனிக் இருந்ததாக 2004இல் வெளிவந்தது. மூலிகைக் குடிநீர் வேறு, உலோக மருந்து வேறு. பட்டம் பெற்ற யூனானி, சித்த வைத்தியரிடம் இதை நேராகக் கேட்டால் அவர் கோபிக்கமாட்டார். கோபித்தால் வேறொருவரிடம் போங்கள்.

உலோக நீக்கம் என்ற பெயரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றிய மருந்து இரத்தத்துக் கல்சியத்தை இழுத்தெடுத்து, 2005 ஓகஸ்டில் அந்தப் பிள்ளை மௌத்தானது. குளோரின் டையொக்சைட் என்ற வெளுக்கும் திரவத்தைப் 'புழு நீக்கும்' என்று சொல்லி வாயாலும் பின்வழியாலும் கொடுக்கிறார்கள். வெளியே வருவது புழுவல்ல, குடலின் உட்தோல். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இலும் 2019இலும் இதை எச்சரித்தது. 'எம்எம்எஸ்' என்ற மூன்றெழுத்தைக் கண்டால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள்.

நமது வைத்திய மரபில் பெருமைப்பட வேறொன்று உண்டு. அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானிலும் எதிர்னேயில் 1488இல் இரண்டாம் பாயஸீத் கட்டிய வைத்தியசாலையிலும் மனம் குழம்பியவர்களுக்கு நீரோடும் ஓசை, காற்று வரும் முற்றம், இசை, ஒழுங்கான சாப்பாடு என்று சூழலை அமைத்தார்கள். சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைக்கு இன்று நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

கையில் இருக்கும் வழி

இங்கிலாந்தில் 152 பிள்ளைகளோடு செய்த ஆய்வில் பெற்றோரையே பயிற்றினார்கள். பிள்ளையோடு விளையாடுவதைக் காணொளியில் எடுத்து, பெற்றோருக்கே போட்டுக் காட்டி, பிள்ளை தரும் சின்னச் சைகையைப் பிடிக்கவும் அதற்குப் பதில் கொடுக்கவும் பழக்குவது. ஏறத்தாழ ஆறு ஆண்டுக்குப் பிறகு, 2016இல் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. அதே முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம், பட்டதாரி நிபுணர் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்களைக் கொண்டு வீட்டுக்கே போய்ச் செய்தார்கள். பன்னிரண்டு அமர்வு. பெற்றோரின் நடப்பு மாறியது, பிள்ளை தானாகத் தொடர்புகொள்வதும் கூடியது. தமிழில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர் அரிதான நமது மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. கிழக்கில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுப்பது தாய் வீட்டு வளவிலோ பக்கத்திலோதான். உம்மம்மாவும் சாச்சியும் வேலிக்கு அந்தப் பக்கம். லண்டனில் ஒரு தாய் தனியாகச் செய்வதை இங்கே நாலு பேர் பகிரலாம், நாலு பேரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை கார்ட்டூன் பார்த்து ஆங்கிலச் சொல் சொல்கிறது, அதனால் வீட்டிலும் ஆங்கிலத்திலேயே கதையுங்கள் என்று சிலருக்குச் சொல்லப்படுகிறது. உம்மாவுக்கு வராத மொழியில் உம்மா எப்படிக் கொஞ்சுவாள்? இருமொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. "வா மனே, சோறு தின்பம்" என்று நமது பேச்சிலேயே, குறைந்த சொல்லில், கையால் காட்டிக் கதைத்தால் போதும்.

பிள்ளைகள் பெரியவர்களாவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கன்னரின் கட்டுரையில் முதலாவதாக வரும் பிள்ளை டொனல்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்து ஃபொரஸ்ட் என்ற சின்ன ஊரில் வாழ்ந்தார். வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், தனியாக உலகம் சுற்றினார், 2023இல் 89 வயதில் காலமானார். குடும்பத்துக்குச் சொந்தமான வங்கி என்பதும் உண்மை, வசதி உதவியது. ஆனால் ஊரும் அவரை அவர் பாட்டில் இருக்க விட்டது. நமது பள்ளிவாசல்களில் பின் ஸஃப்பில் கையை அசைத்துக்கொண்டு நிற்கும் இளைஞனை யாரும் முறைத்துப் பார்க்காமலிருப்பது அதற்குச் சமமான காரியம்.

இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகள் 374 பேரைச் சோதித்து 2009இல் வெளியான பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவின் ஆய்வு, 93 பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கைத் தந்தது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டாத, பேருக்குத் திரும்பாத, அல்லது இருந்த சொல்லை இழந்த பிள்ளையென்றால் ஆறு மாதம் காத்திராமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாகச் சிறுவர் வைத்தியரிடம் கடிதம் வாங்குங்கள். போகும்போது வீட்டில் பிள்ளை விளையாடுவதை, சாப்பிடுவதை, அழுவதை இரண்டு மூன்று நிமிடக் காணொளிகளாகப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கின் சத்தத்தில் பிள்ளை காட்டாததை வைத்தியர் அதில் பார்ப்பார். என்ன மாத்திரை, என்ன எண்ணெய், என்ன கஷாயம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் ஒன்றையும் மறைக்காமல் போத்தலோடு காட்டுங்கள். புதிதாக எதையாவது தொடங்குவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கி, திகதி போட்டு ஒரு கொப்பியில் நித்திரை, மலம், சாப்பாடு, அழுகை நாலையும் எழுதி வாருங்கள். ஆறு கிழமைக்குப் பிறகு அந்தக் கொப்பியை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம், முன்பள்ளி ஆசிரியையிடமாவது, வாசிக்கக் கொடுங்கள்.